மிதிக்கிற வேலை

என் மகன் ஆபீஸ் அறையிலேயே ட்ரெட்மில் வாங்கிப் போட்டிருக்கிறான். அன்றைக்கு அதன்மேல் நடந்துகொண்டே, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நாளெல்லாம் நிற்கும் செல்வி கேட்டதற்குப் பதில் சொன்னான். நானும் அங்கே இருந்தேன்.

"கால் வீங்கிப்போகுது சார். உக்கார ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்."

"நின்னு வேலை செஞ்சா அதுவே எக்சர்சைஸுங்க. நான் காசு குடுத்தல்ல நடக்கறேன்!"

தொம் தொம் என்ற அந்தச் சத்தம் என்னைப் பழைய பஞ்சு மில்லுக்கு இழுத்துப் போனது. அங்கே ஆள் உயரச் சாக்கைத் தொங்கவிட்டு, அதற்குள் அப்பாவை இறக்கிவிடுவார்கள். மேலிருந்து கொட்டும் பஞ்சை அவர் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். சாக்கு நிறைய நிறையத்தான் அவர் தலை வெளியே தெரியும். புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும்.

நான் சோறு கொண்டுபோன ஒரு மதியம், "நெஞ்சு அடைக்குதுங்க, சித்த எறங்கிக்கறனுங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"மிதிய்யா, ஒடம்புக்கு நல்லது" என்று சிரித்தான் மேஸ்திரி. அந்த நாய்!

அப்பா மிதித்தார். கொஞ்ச நேரத்தில் அவரைப் பிணமாகத்தான் வெளியே தூக்கினார்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற நான், மூட்டை தூக்கியே வேலம்பாளையத்தில் இந்தக் கம்பெனியைக் கட்டினேன். வேறு எவனாலும் முடிந்திருக்காது. என் முழங்கால் இரண்டும் அதற்கே போய்விட்டன. மூட்டை தூக்கி உடம்பு தேறியவன் எவனையும் நான் பார்த்ததில்லை.

"டேய், உனக்கு வலிச்சா பட்டனை அமுக்கி எறங்கிக்குவ. இந்தப் புள்ள எதை அமுக்குவா?" என்றேன் மகனிடம்.

"அப்பா, ஆளுங்க முன்னாடி..."

நான் செல்வியிடம் திரும்பினேன். "இவன் சேரைத் தூக்கிட்டுப் போய் உக்காரு கண்ணு. கம்பெனி இன்னும் எம் பேர்லதான் இருக்குது."