குடுமியில் பூசிய சீத்தாக்கொட்டை

என் பெண்டாட்டியின் தம்பி ஒல்லாந்தர் கோட்டைத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனான். போன கொஞ்ச நாளிலேயே வைத்தியன் ஆகிவிட்டான்.

அங்கே சீத்தா மரங்கள் இருந்தன. இலையை அரைத்துக் கட்டினால் கட்டி உடையுமாம். பிஞ்சைக் காயவைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிற்குமாம். பழம் தின்றால் நோஞ்சான் உடம்பும் தேறுமாம். குப்பத்தில் யார் தும்மினாலும் இவன் மடியிலிருந்து சீத்தா வெளியே வரும். பல்வலிக்கு இன்னாடா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

என் குடுமியில் பேன் பிடித்தது. கொட்டையை இடித்து எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்தான்.

"அப்பிக்க மாமா. ஒரு பேன் மிஞ்சினா என் பேர மாத்திக்கறேன்."

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதேடா?" என்றாள் பெண்டாட்டி.

"தொரைங்க தோட்டத்து மரம்க்கா. இன்னா பண்ணிடும்?"

மறுநாள் எங்கள் பாடு. ஏரியில் இறால் விழும் நல்ல இடத்தில் வலை விட வீட்டுக்கு ஒரு நாள் முறை. அதைத்தான் பாடு என்போம். தவறினால் எல்லா வீடும் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பானையிலோ கேழ்வரகு அடியைத் தொட்டிருந்தது.

வலைக்குப் போகுமுன் ஏரியில் தலைமுழுகித்தான் தோணி ஏறுவோம். முழுகினேன். தலையிலிருந்த சாந்து கரைந்து கண்ணுக்குள் வழிந்தது. மிளகாயை அரைத்து அப்பிய எரிச்சல். கண்ணைத் திறக்க முடியாமல் யாருடைய நண்டுக்கூடையையோ மிதித்து விழுந்தேன். கரையில் நின்ற ஜனம் சிரித்தது. தூக்கிவிட ஒருத்தனும் வரவில்லை.

வைத்தியன் மட்டும் ஓடிவந்தான், கையில் பழுத்த சீத்தாவோடு.

"துன்னு மாமா, குளிர்ச்சி."

"உன்ன அந்த மரத்துலயே கட்டித் தொங்கவுட்டாதான்டா என் கண்ணு குளிரும்!"

பெண்டாட்டி குடத்து நல்ல தண்ணீரை என் கண்ணில் ஊற்றிக்கொண்டே தம்பியின் கையைப் பிடித்தாள். பெண் கொடுத்த வீட்டான் நமக்காக வலை விடலாம் என்பது குப்பத்து வழக்கம்.

"நீ பண்ண வேல. நீயே போ."

"நான் கோட்டை ஆளுக்கா..."

"ஏறுடா."

அலையில்லாத ஏரியில் வாந்தி எடுத்துக்கொண்டே வலை விட்டானாம். மற்றவன் கொண்டுவருவதில் பாதிதான் வந்தது. ஆனாலும் பானை நிறைந்தது.

கண்ணில் ஈரத்துணியோடு படுத்திருந்தேன். வந்தவன் நேராக என் குடுமியை அவிழ்த்தான்.

"ஒரு பேன் இல்ல. பாத்தியா மாமா?"

"எதாலடா பாக்கறது?"

அந்தப் பழத்தைப் பெண்டாட்டி தின்றாள். நல்ல இனிப்பாம்.