கணக்கில் வராத சாரதி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. நெளுக்குளத்தில் என்ர வீட்டுப் படலைக்கு வெளியே, றோட்டோரம் வானை நிறுத்திவிட்டு அதற்குள் தனியாக இருக்கிறேன். வீடு என்னுடையது. வானும் என்னுடையது. கலியாணம் பேசப் போவதும் என்ர மகள் துளசிக்குத்தான். ஆனால் நல்ல நேரத்தில் அந்தப் படலையால் நான் வெளிக்கிடக் கூடாதாம். அதனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முந்தியே வானையும் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதியால் ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். கண்ணை மூடிக்கொண்டு வான் ஓடலாம் என்று சொல்லக்கூடிய நேர் றோட்டு. வழியில் இறங்கித் தேத்தண்ணி குடித்தாலும் ஒன்றரை, ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் போய்விடலாம். இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட என்ர அண்ணை நாலு பின்னேரம் எங்கள் வீட்டுக் கதிரையைத் தேய்த்தார்.

அண்ணை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பார். அவருடைய ஒழுங்கின்படி என்னில் ஒரு குறை இருக்கிறது. என்ர மனுசன் கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுப் போனவர். அன்றிலிருந்து நான் நல்ல காரியங்களுக்குக் கூடாத முகம். படி இறங்குகிறபோது முதலில் எதிர்ப்படுகிற ஆளை எங்கட பக்கத்தில் முழுவியளம் என்பார்கள். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் போகிற காரியம் வெல்லும். என்னைப் போல ஒருத்தி வந்தால் படுத்துவிடும். ஒவ்வொரு நாளும் காலமை ஊர்ப் பிள்ளைகளை நான்தான் இந்த வானில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறேன். படலையில் அவர்கள் பார்க்கிற முதல் முகம் என்னுடையது. அவர்களில் ஒருத்தராவது சோதினையில் படுத்ததாக ஒரு தாயும் வந்து சொன்னதில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணை, நீங்கள், மச்சாள், நான். மூண்டு பேர் ஆகுதே. மூண்டு பேராய் நல்ல காரியத்துக்குப் போகக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?"

அண்ணை பஞ்சாங்கத்தில் இருந்து தலை நிமிர்த்தவில்லை. "அதில பிரச்சினை இல்லை. நானும் உன்ர மச்சாளும் ரெண்டு பேர்தான் போறம். நீ டிரைவர்தானே. டிரைவரை ஆர் கணக்கில எடுக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் வேறு வான் பிடியுங்கோ என்றேன். வீட்டில் வான் இருக்க வெளியில் ஏன் பிடிப்பான் என்றார். வான் வேண்டும், ஓடுகிற கை வேண்டும், அந்தக் கைக்கு மேலே இருக்கிற முகம் மட்டும் வேண்டாம். அங்கே போன பிறகும் நான் வானுக்குள்ளேயே இருக்க வேணுமாம். கேட்டால் தாய்க்குத் தலைசுத்து என்று அவர் சொல்லிச் சமாளிப்பாராம். மச்சாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. அண்ணைக்கு எதிராக அவா வாய் திறந்து நான் கண்டதில்லை.

நான் எழும்பிக் கத்தியிருப்பேன். துளசிதான் குசினி வாசலில் நின்று கண்ணால் கெஞ்சினாள். அவளும் மாப்பிள்ளை பிரதீபனும் வவுனியாவில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் இப்போது கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியர். அவனுடைய பெரியப்பா இந்தப் பேச்சுக்குச் சம்மதிக்கவே எட்டு மாதம் எடுத்தது.

"அம்மா, இந்த ஒரு நாளைக்கு மட்டும் சண்டை பிடிக்காதேங்கோ," என்றாள். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இந்த வானுக்குள் குந்தியிருக்கிறேன்.

ஏழு இருபது. படலை திறந்தது. முன்வீட்டுப் பிள்ளை சிவப்புப் பிளாஸ்ரிக் குடத்தில் தண்ணீரோடு எதிரே வந்தாள். முழுவியளத்துக்கு ஒழுங்கு பண்ணிய ஆள் அவள். அவளுடைய புருசன் கட்டாருக்குப் போனவன், இரண்டு வருசமாகப் போன்கூட எடுப்பதில்லை. அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஊர் முழுக்கக் கதை. என்றாலும் அவளுக்குக் குடம் தூக்கத் தகுதி இருக்கிறது. என்ர மனுசன் சாகும்வரை என்னை ஒரு சொல் சுடச் சொல்லாதவர். எனக்கு அந்தத் தகுதி இல்லை. இந்தச் சட்டத்தை எழுதினவன் என்ர கையில் அகப்பட வேணும்.

அண்ணை முன் சீற்றில் ஏறினார். மச்சாள் பழத் தட்டத்தோடு பின்னால் இருந்தா. நகரத்தைக் கடந்து தாண்டிக்குளம் தாண்டினதும் றோட்டு விரிந்தது. இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் பற்றைக்காடு, நடுவில் கறுத்த றோட்டு, அதன் மேல் தங்கட வளவு மாதிரிப் படுத்திருக்கிற மாடுகள். நான் ஹோர்ண் அடித்தால் எழும்பாது. கொழும்பு பஸ்காரன் அடித்தால் மட்டும் எழும்பும், அவனுக்கு அவையும் பயம்.

ஓமந்தை வந்தது. வவுனியாவில் இருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் வரும். சண்டையில் இருந்து தப்பி வந்து நாங்கள் பொதிகளோடு வெயிலில் சோதனைச் சாவடி வரிசையில் நின்ற இடம். துளசியைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். குடும்பத் தலைவர் ஆர் என்று கேட்டபோது நான்தான் என்று சொன்னேன். பிறகு முகாமில் சாப்பாட்டு வரிசை, தறப்பாள் வரிசை, தண்ணி வரிசை. அங்கெல்லாம் என்னை முதலாவது ஆளாகத்தான் எண்ணினார்கள். கஷ்டத்துக்கு ஆள் எண்ணுகிறபோது நான் கணக்கில் வருவேன். அந்த வரிசைகளில் அண்ணையை நான் காணவில்லை.

"கொஞ்சம் மெதுவாய் ஓடு," என்றார் அண்ணை.

ஐம்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

புளியங்குளம், கனகராயன்குளம் கடந்து, எட்டரைக்கு மாங்குளச் சந்தி. இதில் இடப்பக்கம் திரும்பினால் மல்லாவி, வலப்பக்கம் முல்லைத்தீவு. தேத்தண்ணிக்கு நிற்க வேண்டாம், திட்டத்தில் இல்லை என்று அண்ணை சொல்லிவிட்டார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் மட்டும் நிற்பது அவருடைய திட்டத்திலும் இருந்தது. அந்தப் பிள்ளையாரிடம் இறங்காமல் இந்த றோட்டில் ஒரு வாகனமும் போவதில்லை. லொறிக்காரன், பஸ்காரன், பெரிய உத்தியோகத்தனின் ஜீப், எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்.

"நீ இறங்க வேண்டாம். நான் கற்பூரம் கொளுத்திக்கொண்டு வாறன்," என்றார்.

அவர் இறங்க முதல் நான் இறங்கிவிட்டேன். கச்சான் கடலை விற்கிற மனுசி ஒருத்தி என்னையும் வானையும் மாறி மாறிப் பார்த்தா. "நீங்களே ஓடிக்கொண்டு வாறியள்?"

"ஓம். வவுனியாவில இருந்து."

"அப்ப நீங்கள் முன்னுக்குப் போங்கோ. இந்தப் பிள்ளையாரட்ட டிரைவர்தான் முதல் ஆள். மற்றாக்கள் சும்மா ஏறிவந்த ஆக்கள்தானே."

அவாவிடம் நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கினேன். அண்ணை கேட்காத மாதிரித் திருநீறு பூசினார். நானும் போய்க் கற்பூரம் கொளுத்தி, வானின் கண்ணாடியில் சந்தனம் வைத்தேன்.

ஒன்பதே கால். கிளிநொச்சி நகரத்துக்குள் நுழைந்து கனகபுரம் வீதியில் திரும்பினோம். வாய்க்கால் ஓரமாகச் சீமெந்து மதில் போட்ட வீடு. பிரதீபன்ர ஆக்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறி வயல் செய்கிறவர்கள். பெரியப்பா வாசலுக்கு வந்து அண்ணையையும் மச்சாளையும் கைகூப்பிக் கூட்டிப் போனார். "தாய்க்குத் தலைசுத்து, வரேலாமல் போச்சு," என்று அண்ணை சொன்னது வானுக்குள் எனக்கு நன்றாகக் கேட்டது. அதே தாய் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆத்திரம்தான் கூட.

அரை மணித்தியாலம் பொறுத்தேன். வெயில் ஏற ஏற வான் அடுப்பு மாதிரிக் கொதித்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். குசினியில் ஒரு மனுசி தனியே நின்று வடை பொரித்துக்கொண்டிருந்தா. வெளிறின சேலை, நெற்றியில் திருநீறு மட்டும்.

"ஆர் தங்கச்சி?"

"வான் ஓடிக்கொண்டு வந்தனான். கொஞ்சம் தண்ணி தாறியளோ?"

"உள்ளுக்கு வாங்கோ. முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. டிரைவர்மாரை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை." கதிரையை இழுத்துப் போட்டா. இவ்வளவு நேரத்தில் எனக்குக் கிடைத்த முதல் கதிரை.

"நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"தாய்."

எனக்கு விளங்கவில்லை. "அங்க உங்கட பிள்ளைக்குக் கலியாணம் பேசுகினம். நீங்கள் ஏன் இங்க நிக்கிறியள்?"

"அத்தானும் அக்காவும் கதைக்கினம்தானே. என்ர மனுசன் நெஞ்சுவலியில போய் ரெண்டு வருசம். நான் முன்னுக்குப் போனால் சரியில்லை." வடையைத் திருப்பிப் போட்டா. "பொம்பிளையின்ர தாயையாவது பாக்க ஆசைப்பட்டனான். அவாவுக்கும் ஏதோ தலைசுத்தாம், வரேல்லையாம்."

"எனக்கு ஒரு சுத்தும் இல்லை. நான்தான் தாய்," என்றேன்.

அவா அடுப்பை நிற்பாட்டினா. மாப் படிந்த கையோடு என்ர கையைப் பிடித்தா. பிறகு கதை வந்தது, வெள்ளம் மாதிரி. முன்னறையில் மண்டபமோ கோயிலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குசினியில் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். துளசிக்குக் காலமை சோறு இறங்காது என்றேன். அதற்கென்ன, புட்டு அவிக்கலாம் என்றா. பிரதீபன் கோவக்காரனோ என்று கேட்டேன்.

"கோவம் இல்லை. தோய்ச்ச உடுப்பை மடிக்கத் தெரியாது. அதுதான் குறை."

"என்ர மகளுக்கும் தெரியாது. ரெண்டும் கசங்கின உடுப்போட திரியட்டும்."

அவா சிரித்தா. பெரியம்மாக்காரி அந்த நேரம் தட்டம் எடுக்க வந்தா. சமைத்தது இவா, சபைக்குக் கொண்டு போவது அவா. அதைக் கண்டதும் என்ர வாய்ப்பூட்டு கழன்றது. எனக்கென்று வந்தபோது பொறுத்தேன், துளசிக்காக. இந்த மனுசிக்கும் அதே கதி என்றால் என்ர மகள் வாழப் போகிற வீடும் இதே வீடுதானே. நாளைக்கு ஏதும் ஒன்று நடந்தால் அவளும் இந்தக் குசினிக்குள்தான்.

"தேத்தண்ணியை நான் கொண்டு போறன். நீங்கள் வடையை எடுங்கோ, அக்கா," என்றேன். அவா பயந்து பின்வாங்கினா. நான் வாசலில் நின்று காத்திருந்தேன். கடைசியில் வடைத் தட்டத்தைக் கையில் எடுத்தா.

நாங்கள் முன்னறைக்குள் போனபோது அண்ணையின் முகம் செத்துப் போனது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் பொம்பிளையின்ர தாய். இவா மாப்பிள்ளையின்ர தாய். பிள்ளையளைப் பெத்த ஆக்கள் வந்திட்டம். இனிக் கதையுங்கோ," என்றேன்.

"இல்லை, ஒரு நல்ல காரியத்தில..." என்று பெரியப்பா இழுத்தார். முடிக்கவில்லை. பிரதீபன் எழும்பி, தான் இருந்த கதிரையைத் தாய்க்கு விட்டான். மற்றொன்றை எனக்கு இழுத்துப் போட்டான். "இருங்கோ மாமி," என்றான். அதோடு பேச்சு சரியாகிவிட்டது. ஆவணியில் நாள் பார்ப்பது, கோயிலிலேயே வைப்பது என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் எல்லாம் முடிந்தது.

பின்னேரம் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டி போனது, மாங்குளம் போனது. கனகராயன்குளம் கிட்டியதும் அண்ணை வாய் திறந்தார்.

"நடந்தது நடந்து போச்சு. ஆனால் ஒண்டு சொல்லுறன். மணவறையில தாரை வார்த்துக் குடுக்கிறது நானும் உன்ர மச்சாளும்தான். அதில உன்ர கதை ஒண்டும் வேண்டாம்."

சிக்னல் போட்டு வானை ஓரம் கட்டினேன். சாவியைக் கழற்றி அவருடைய மடியில் வைத்தேன்.

"என்ன இது?"

"ஓடுங்கோ."

"எனக்கு ஓடத் தெரியாதெண்டு உனக்குத் தெரியும்தானே."

"வளர்க்காத பிள்ளையைக் குடுக்கத் தெரியுது. ஓடத் தெரியாத வானை ஓடினால் என்ன?"

யாழ்ப்பாணம் போகிற பஸ் ஒன்று வானைக் குலுக்கிக்கொண்டு போனது. அண்ணை பின்னால் திரும்பி மச்சாளைப் பார்த்தார். தனக்காகக் கதைப்பா என்று நினைத்திருப்பார்.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றா மச்சாள். "பெத்தவ இருக்க நான் தாரைக்கு வரமாட்டன். நான் இல்லாமல் நீங்கள் தனிய வார்க்கேலாது. அது உங்கட பஞ்சாங்கத்திலயே இருக்கு."

அண்ணை சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஆர் குடுக்கிறதெண்டு சொல்லுங்கோ, அண்ணை."

அவர் றோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீதான்."