நூற்று முப்பத்தேழு ரப்பர் மரம்

யட்டியாந்தோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து மனு அடிக்கிற எனக்குப் பிள்ளை குட்டி இல்லாவிட்டாலும், வருஷா வருஷம் ஒன்றாம் ஆண்டு அட்மிஷன் அலைச்சல் உண்டு. தற்காலிகப் பட்டியலை ஒட்டினதும், வகுப்பு நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார் மேன்முறையீடு எழுத நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். பிள்ளைக்கு இடம் கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களே, இது உங்களுக்குத்தான்.

அத்தாட்சி

அந்த வருஷம் வந்தவர்களில் செல்வராணியை மறக்க முடியாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். மகள் கவிதாவுக்கு டவுன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். அதை விட்டால் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடியற்காலையில் மரத்தடியில் நிற்க வேண்டியவள் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவாள்? இங்கே கிடைக்காவிட்டால் கவிதா படிப்பில்லாமல் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் இருக்க வேண்டும்.

கேட்ட அத்தாட்சி ஒன்றுகூட அவளிடம் இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காணி உறுதிப் பத்திரமுமில்லை, கரண்ட் பில்லுமில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நீ அங்கேதான் குடியிருக்கிறாய் என்று எவன் நம்புவான் என்று எரிந்து விழுந்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "நாலு தலமுறையா அதே லயத்துக் காம்பராவுலதான் இருக்கோம்ணே. இன்னும் நம்பலன்னா நாங்க என்னதான் செய்யிறது?"

தூரம்

லயத்திலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மைல், அதனால் இடமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அது லொறி சுற்றிப் போகிற ரோட்டுக் கணக்கு. பிள்ளைகள் போவது ரப்பர் காட்டுக் குறுக்குப் பாதையில். அது எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நூற்று முப்பத்தேழு மரம் என்றாள்.

மைலில் சொல் என்று அதட்டப் போனவன், சட்டென்று பென்சிலை எடுத்தேன். மரத்துக்கு மரம் பன்னிரண்டு அடி. பெருக்கிப் பார்த்தால் அரை மைல்கூட இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மரக் கணக்கையே மனுவில் அடித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, எண்ணிக்கை சரிதானா என்று இன்னொரு தடவை கேட்டேன். "மைலு தப்புமோ என்னமோ, மரம் தப்பாதுண்ணே. தெனமும் வெட்டுறது நான்தானே."

விசாரணை

விசாரணை நாளில் கடையைப் பூட்டிவிட்டு நானும் போய் ஜன்னலோரம் நின்றேன். மனுவை வாசித்ததும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கல்விக் கந்தோரிலிருந்து வந்திருந்த சிங்கள அதிகாரி மஹத்தயா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் ஊரில் இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறதாம்.

முதல் மரம் எது, வரிசை எங்கே முடிகிறது என்று அவர் சிங்களத்தில் கேட்க, செல்வராணியும் சிங்களத்திலேயே படபடவென்று பதில் சொன்னாள். அவர் ஃபைலை மூடிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நாளைக்கு நான் வாறது. மரம் எண்ணுறது."

எண்ணிக்கை

மறுநாள் லயத்து வாசலிலிருந்து புறப்பட்டோம். அவர் சிங்களத்தில் எண்ண, நான் தமிழில் எண்ண, பின்னால் பாதி லயமும் வந்தது. அட்டை கடித்தது யாருக்கும் உறைக்கவில்லை. பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து பார்த்தால் இருவருக்கும் நூற்று முப்பத்தாறு. பொய்த் தகவல் என்று ஒரு வரி எழுதினால் கவிதாவின் கதை முடிந்தது.

செல்வராணி வந்த வழியே ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். பாதி வழியில் புதரை விலக்கி ஓர் அடிக்கட்டையைக் காட்டினாள். மனு அடித்த பிறகு, போன கிழமைக் காற்றில் விழுந்த மரமாம். மஹத்தயா குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் பேனையைத் திறந்தார். "விழுந்த மரமும் மரம்தான். எழுதுறது."

கடைசிப் பெயர்

இறுதிப் பட்டியலில் கடைசி வரி கவிதா. நான் கைதட்டிக் கத்தியே விட்டேன். கேட்டில் நின்ற வாட்ச்சர் முறைத்தார். கண்கூடக் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

செல்வராணி மகளின் பெயரை விரலால் தொட்டாள். பிறகு பக்கத்தில் இன்னும் கிழிக்காமல் இருந்த தற்காலிகப் பட்டியலைப் பார்த்தாள். அதில் கடைசியாக இருந்த பெயர் இதில் இல்லை. என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தப் புள்ள எங்கண்ணே போகும்?" என்றாள்.

நம் தொழிலில் ஒரு தாய் சிரித்துக்கொண்டு போனால் மறுநாள் காலையில் இடம் பறிபோன இன்னொரு பிள்ளையின் தகப்பன் கடை வாசலில் நிற்பார், அவருக்கும் அதே சூட்டோடு மனு அடித்துக் கொடுக்க வேண்டும்.