ஆண்டி சுனையில் இருந்த மனிதர்

நண்பனின் அப்பா காணாமல் போய் மூன்றாவது வருடம் நாங்கள் வெள்ளியங்கிரி ஏறினோம். நாங்கள் நான்கு பேர். நான், அவன், லேத் பட்டறையில் வேலை செய்த ஒருவன், துடியலூரில் அண்ணனோடு பேக்கரி நடத்திய ஒருவன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். மற்றவர்கள் மலையேறுவது வேண்டுதலுக்கு. நாங்கள் ஏறியது ஆள் தேடி.

அவன் அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷினில் மாட்டி இடது கையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். அதிகம் பேசமாட்டார். மில்லை மூடிய பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. ஷிப்டு நேரத்துக்குக் குளித்து, சட்டை போட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். ஷிப்டு முடியும் நேரத்துக்குச் சட்டையைக் கழற்றுவார். ஒருநாள் காலையில் "உக்கடம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

தேடாத இடமில்லை. வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் அவருக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று இருந்தது. அங்கே போனோம். பழனி போனோம். பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு நண்பனோடு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். துணியை விலக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கமாட்டான், நேராக இடது கையைப் பார்ப்பான். இரண்டு முறையும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தான். அது அப்பா இல்லை என்று தெரிந்த நிம்மதியிலா, ஏமாற்றத்திலா என்று அவனுக்கே தெரியாது என்றான்.

அந்த வருடம் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் நல்ல இடம். பேசிமுடிக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணோட அப்பா இருக்கறாருங்களா, இல்லீங்களா? ஒண்ணைச் சொல்லிப்போட்டீங்கன்னா நாங்க அதுக்குத் தகுந்தாப்புல சீர் வெச்சுக்குவோம்." காப்பித் தம்ளரோடு வந்த நண்பனின் அம்மா கதவோரம் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் பொட்டு, தலையில் ஒரு முழம் மல்லிகை. ஒரு மாதத்தில் சொல்கிறோம் என்றான் நண்பன்.

அதே வாரம்தான் தெருவில் ஒருவர் வெள்ளியங்கிரி போய்வந்து, அதன் ஏழு மலைகளில் ஆறாவதில் ஆண்டி சுனைக்குப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். "அப்படியே உங்கப்பனாட்டமே இருந்தாருங்க. கூப்பிட்டேன், திரும்பலீங்க."

பங்குனி மாதம். முதல்நாள் சாயங்காலமே பூண்டி அடிவாரத்துக்குப் போய் மண்டபத்தில் படுத்து, வெளுக்கத் தொடங்கியதும் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறினோம். முதல் மலையே ஆளைக் கொன்றுவிடும். செங்குத்தான கல் படிகள். வளைவு திரும்பினால் முடிந்துவிடும் என்று தோன்றும், திரும்பினால் மறுபடி படி. பேக்கரிக்காரன் கனத்த உடம்பு. "மாப்ள, நீங்க போங்கடா, நான் இங்கியே கெடக்கறேன்" என்று படிக்குப் படி உட்கார்ந்தான். லேத் பட்டறைக்காரன் அவன் பையையும் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்று தள்ளினான். வேறொரு காரியமாக வந்திருந்தால் சிரித்திருப்போம்.

நண்பன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தான். இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டான். "ஏனுங்க, மேல ஒரு வயசானவரு, இடது கையில ரெண்டு வெரல் இல்லாதவரு, பாத்தீங்களா?" சிலர் நின்று யோசித்தார்கள். சிலர் கோஷம் போட்டுக்கொண்டே கடந்துபோனார்கள். ஒருவர் "சாமியக் கும்புடு கண்ணு, அவரு காட்டுவாரு" என்றார். அவன் பையில் அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று தேய்த்து மடித்து இருந்தது. அம்மா கொடுத்துவிட்டது. இரண்டு முறை அதை வெளியே எடுத்து, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தான்.

நாலாவது மலைக்கு மேல் மரங்கள் குறைந்து காற்று பிடித்துக்கொண்டது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, உடம்போ நடுங்குகிறது. அஞ்சாவது மலையில் மண்ணே திருநீறு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அங்கே நின்று பார்த்தால் ஒரு பக்கம் கேரளா, ஒரு பக்கம் நம் ஊர், இரண்டும் புகைக்குள் ஒன்றாகத் தெரிந்தன. இதில் எங்கே போய் ஒரு மனிதரைத் தேடுவது என்று எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

ஆறாவது மலையில் இறங்கினால் சுனை. பத்துப் பதினைந்து பேர் நடுங்கிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தார்கள். ஓலையும் தார்ப்பாயும் போட்ட ஒரு சுக்குக் காப்பிக் கடை. கடைக்காரரிடம் கேட்டதும் அவர் கையை நீட்டிக் காட்டினார். கொஞ்சம் தள்ளி, பாறை மறைவில், எங்களுக்கு முதுகு காட்டி ஒருவர் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அந்தத் தோள், கழுத்தை லேசாக இடது பக்கம் சாய்த்திருந்த விதம். எனக்கே அவர்தான் என்று தோன்றிவிட்டது.

நண்பன் தடியைக் கீழே போட்டான். பக்கத்தில் போய் மெல்ல, "அப்பா" என்றான்.

அவர் திரும்பவில்லை. கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டார். அவன் முன்னால் போய் மண்டியிட்டான். தாடி முகத்தை மூடியிருந்தது. கண்களும் அவன் அப்பாவின் கண்கள் மாதிரியே உள்ளே போயிருந்தன. அவன் கம்பளிக்குள் கைவிட்டு அவருடைய இடது கையை வெளியே எடுத்தான்.

ஐந்து விரல்களும் இருந்தன.

அவன் கையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தான். அந்த மனிதர்தான் முதலில் பேசினார். குரல் கரகரத்தது.

"எங்க ஊட்டுல அனுப்புனாங்களா கண்ணு?"

நண்பன் தலையை ஆட்டினான். "இல்லீங்க. நாங்க எங்கப்பாவைத் தேடி வந்தோமுங்க."

அவர் முகத்தில் அந்த நொடியில் நடந்ததை நான் பார்த்தேன். அதுவரை மறைந்துகொள்ள நினைத்த மனிதர், தன்னைத் தேடி யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் அப்படியே குறுகிப்போனார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "எத்தனை நாளாத் தேடறீங்க?" என்று கேட்டார்.

"மூணு வருசமுங்க."

"மூணு வருசம்" என்று திருப்பிச் சொன்னார். "நான் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. சீசனுக்கு மேல வருவேன், மழைக்குக் கீழ போயிருவேன். இத்தனை சனம் ஏறுது. ஒரு மூஞ்சி நம்மூர் மூஞ்சியா இருக்குமான்னு பாத்துட்டே இருப்பேன். தெரிஞ்ச மூஞ்சி வந்துட்டா ஒளிஞ்சுக்கோணும்னுந்தான் பாப்பேன்."

காப்பி வாங்கிக் கொடுத்தோம். தாராபுரத்துக்குப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னார். காடு தோட்டம் உள்ள குடும்பம். பாகப்பிரிவினைப் பேச்சில் மகன் கை நீட்டிவிட்டான். "அவன் அடிச்சது கூடப் பெருசில்லீங்க. ஊட்டுக்காரி பாத்துட்டு நின்னா. ஒரு வார்த்தை சொல்லலை." மகனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும் என்றார்.

ஏழாவது மலைக்குப் போக நண்பன் வரவில்லை. நாங்கள் மட்டும் போய் பாறைக்குள் இருந்த லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது அவர் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தோள் சரியாகப் பொருந்தியிருந்தது. புறப்படும்போது அவர் நண்பனிடம் சொன்னார்: "அந்தப் பக்கம் போனீங்கன்னா, நான் இருக்கறேன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இறங்கும்போது முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. அவன் வழியில் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவன் அம்மா வாசலுக்கு ஓடிவந்து எங்கள் நால்வருக்கும் பின்னால் பார்த்தார். அவன், "இல்லீங்கம்மா" என்றான். "சரி, கால் கழுவீட்டு வாங்க, சோறு ஆறுது" என்று உள்ளே போனார். ஐந்து பேருக்கு இலை போட்டிருந்தது. ஒன்றை அவரே எடுத்து மடித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு நண்பனும் நானும் தாராபுரம் பஸ் ஏறினோம். எதற்குடா என்று கேட்டேன். "சொல்றேன்னு சொல்லிப்போட்டேன்" என்றான். அந்த ஊரில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. புதிதாக வெள்ளை அடித்த ஓட்டு வீடு. முன் அறையிலேயே அவர் படம், சந்தன மாலையோடு. மகன் எங்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். நண்பன் சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்தது.

"எங்கப்பன் போயிட்டாருங்க" என்றான். "பவானி ஆத்துல செருப்பும் துண்டும் கெடந்துச்சு. காரியம் பண்ணிப்போட்டோம். தெவசமும் குடுத்தாச்சு."

"நான் என் கையால தொட்டுப் பேசீட்டு வந்தேனுங்க."

"இருக்கட்டும். இப்ப அவரைக் கொண்டாந்து எந்த எடத்துல வெக்கறதுங்க? ஊருக்கு என்னன்னு சொல்றது?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

உள்கதவில் ஓர் அம்மா நின்றிருந்தார். வெள்ளைச் சேலை. எவ்வளவு நேரமாக நின்றாரோ. எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "இருமல் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கம்மா."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு வெளியே வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பல்லடம் வரை அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு சொன்னான்: "அந்தம்மா புருசன் உசுரோட இருக்கறப்பவே வெள்ளைச்சீலை கட்டீட்டா. எங்கம்மா தினமும் பூ வெக்கறா. எங்கப்பன் எங்கியாவது போய்ச் சேந்திருந்தாருன்னா, இவ வெக்கற பூ யாருக்குடா?" நான் அவன் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டான்.

சித்திரையில் அவன் தனியாக மறுபடி ஏறினான். அந்த மனிதரிடம் அவர் வீட்டில் போய்ச் சொன்னதாக மட்டும் சொல்வது, மற்றதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவு செய்திருந்தான். அவர் அங்கே இல்லை. இருமல் அதிகமாகி இரண்டு சாமியார்களோடு கேரளாப் பக்கம் இறங்கிவிட்டார் என்று கடைக்காரர் சொன்னாராம். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

வைகாசியில் அவன் தங்கை கல்யாணம் நடந்தது. அப்பா இல்லை என்று சொல்ல அம்மா சம்மதிக்கவில்லை. இருக்கிறார் என்று சொல்ல மாப்பிள்ளை வீட்டார் விடவில்லை. கடைசியில் அப்பாவின் அண்ணனும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார்கள். முகூர்த்த நேரத்தில் நான் நண்பனின் அம்மாவைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், சமையல் ஆட்களோடு உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். புதுப் பட்டுச் சேலையில் அடுப்புக்கரி பட்டிருந்தது. கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் சீவுகிற கை நின்றது.

"முன்னால வாங்கம்மா" என்றேன்.

"எப்படீனு வாரது கண்ணு?" என்றார். பதில் எதிர்பார்க்கிறவர் மாதிரி என் முகத்தையே பார்த்தார். மேளம் ஓயும்வரை நான் அங்கேயே நின்றேன்.

அதன் பிறகு நாங்கள் நால்வரும் சேர்ந்து எந்த மலைக்கும் போகவில்லை. பேக்கரிக்காரன் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். மருதமலை, படிகூட அதிகமில்லை, சும்மா போய்வரலாம் என்றான். நண்பன் சரி என்றான். அன்று காலையில் நாங்கள் பஸ் ஸ்டாப்பில் வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாமா என்று லேத் பட்டறைக்காரன் கேட்டான். யாரும் நகரவில்லை. ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் பிரிந்துபோனோம்.