நீல மூடி வலது, வெள்ளை மூடி இடது

என் அக்காவைப் பார்க்கிறவர்கள் அவள் அழுகிறாள் என்றே நினைப்பார்கள். உண்மையில் அவள் கண் காய்ந்து கிடந்தது. காய்ந்தால் எரியும், எரிந்தால் நீர் கொட்டும். "குடம் குடமா ஊத்துது, இதப் போய் வறட்சிங்கறாரு!" என்று டாக்டரைத் திட்டித் தீர்த்தாள்.

சட்டைத் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக அவளுக்கு செக்கிங் மேசை. விட்டுப்போன ஒற்றைத் தையல்கூட அவளிடம் தப்பாது. இப்போது அடுத்தடுத்து மூன்று சட்டைகள் தப்பிவிட்டன. சூப்பர்வைசர் ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் கண் தேறாவிட்டால் பேக்கிங்தான்.

முதலில் கொடுத்த கெட்டியான சொட்டு மருந்து பத்து நிமிடம் எல்லாவற்றையும் மங்கலாக்கியது. அடுத்து டாக்டர் தண்ணீர் போன்ற இரண்டு மருந்துகளைக் கொடுத்து, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்கச் சொன்னார். அக்கா திட்டம் போட்டாள்: நீல மூடி வலது கண், வெள்ளை மூடி இடது கண். தினமும் நோட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி மார்க். மருந்து கிட்டே வந்தாலே அவள் இமை இறுக மூடிக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் போட்டுவிட்டது அவள் கணவர், என் மாமா.

இருபத்தெட்டு நாளும் இரண்டு கண்ணுக்கும் ஒரே மார்க்.

"எப்படிப் போட்டீங்க?" என்றார் டாக்டர்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலைல நாற்காலில உக்காருவா, நான் எதிர்ல நிப்பேன். சாயங்காலம் படுத்திருப்பா, தலைமாட்டுல நிப்பேன். நீலம் எப்பவும் என் வலது கைப் பக்கம். ஒரு நாள்கூட மாத்தல டாக்டர்!"

டாக்டர் பேனாவை வைத்தார். "காலைல எதிர்ல நின்னா உங்க வலது, அவங்களுக்கு இடதாச்சே. ரெண்டு கண்ணுலயும் ரெண்டு மருந்தும் போயிருக்கு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா நோட்டை மூடினாள். "இருபத்தெட்டு நாளா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி முதலிலிருந்து ஒரு மாதம் என்றார் டாக்டர்.

அந்த ஒரு மாதத்தைச் சூப்பர்வைசரிடம் கேட்டாள். "என் கண்ணப் பத்தி இன்னும் ஒண்ணும் தெரியல சார். போட்ட கைதான் தப்பு." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மாலை மாமா மருந்தோடு வந்தார். "இப்ப நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

"நீங்க வெளில நில்லுங்க."

கண்ணாடி முன் இமையை இழுத்துப் பிடித்து அவளே போட்டாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். மூன்றாவது சரியாகக் கண்ணுக்குள் போனது. இந்த முறை அவள் நிஜமாகவே அழுதாள்.