அரை நூல் பிசகிய காமிரா

கட்டில் செய்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கால் ஆடினால் அட்டையை மடித்து அடியில் கொடுத்துச் சமாளித்துவிடலாம். காமிரா செய்பவனுக்கு அந்த வழி கிடையாது. கையால் ஒரு பொருளைச் செய்து, வாங்கியவர் வாயால் குறையும் கேட்டுக்கொண்ட அன்பர்களுக்கு என் பாடு புரியும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு மரப் பட்டறை. நில அளவைக்காரர்களுக்கு முக்காலி செய்து கொடுப்பேன். மச்சான் ரத்தினம் பித்தளை கடைவான். அஸ்தம்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த நல்லதம்பியின் சீமைக் காமிரா, மாட்டு வண்டி குடை சாய்ந்ததில் நொறுங்கிப்போனது. லென்ஸ் மட்டும் பிழைத்தது. யுத்தத்தில் கப்பல் சரக்கு நின்றிருந்த சமயம். லென்ஸைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "பொட்டிதானுங்க, நீங்களே செஞ்சு குடுத்துருங்க" என்றார். பெட்டிதானே என்று நானும் நினைத்துவிட்டேன்.

வைக்கப்போர்

காமிராவின் பின்பக்கம் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். உருவம் அதில் விழும். அது தெளிவாகும்வரை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, கண்ணாடியை எடுத்து, அதே இடத்தில் படம் பதிகிற தட்டைச் செருக வேண்டும். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

முதல் படம் வெண்ணந்தூர் விவசாயி ஒருவருக்கு. புதிதாக வாங்கிய ஜோடிக் காளைகளுக்கு நடுவே, சலவை வேட்டியோடு நின்றார். கண்ணாடியில் மீசை முடியை எண்ணலாம் போலிருந்தது. கழுவி எடுத்தால் ஆளும் காளைகளும் பனிமூட்டத்தில் நிற்கிறார்கள். பின்னால் இருந்த வைக்கோல் போர் மட்டும் இழை இழையாகத் தெரிகிறது! இரண்டு நாள் பெட்டியை அளந்து பார்த்தேன். ரத்தினம்தான் கண்ணாடியை நகத்தால் சுரண்டிவிட்டு, "மச்சான், சொரசொரப்பு வெளிப்பக்கமில்ல இருக்குது" என்றான். லென்ஸைப் பார்க்க வேண்டிய பக்கத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். கண்ணாடியின் கனம் தச்சர் கணக்கில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அந்த அரை நூல்தான் ஆளைத் தின்றிருந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தோம். ஆனாலும் அந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது காதிலேயே நிற்கிறது: "ஏனுங்க, படம் புடிச்சது எனக்குங்களா, என்ற வைக்கப்போருக்குங்களா?"

எலி

காமிராவின் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி வரும். உள்ளே கறுப்புத் துணி, நடுவில் தடித்த காகிதம், மேலே மெல்லிய ஆட்டுத்தோல். என் மனைவி மரகதம் எடப்பாடி நெசவுக் குடும்பம். தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியையே பசையாக வைத்து அவள்தான் ஒட்டினாள். மடிப்பு என்றால் அப்படியொரு மடிப்பு. நானே மெச்சினேன். பத்தாவது நாள் நல்லதம்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கஞ்சி வாசத்துக்கு வந்த எலி மூன்று இடத்தில் ருசி பார்த்திருந்தது.

மரகதம் முகம் வாடவில்லை. பசையில் நஞ்சான மயில்துத்தம் கலந்து மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். பொத்தல் பார்க்க, நான் தலையைக் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தேன். அவள் வாசலில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் துருத்தி மேல் அடித்தாள். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வேர்த்து வழிய வெளியே வந்து சொன்னேன். அவள் துருத்தியைத் தடவிக்கொண்டே, "இனி தின்னா எலிக்குத்தானுங்க நோவு" என்றாள்.

ஐப்பசிக் கல்யாணம்

மழைக்காலத்தில் தேக்கு கொஞ்சம் ஊதும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்பது நல்லதம்பிக்குத் துணையாகப் போன ராசிபுரம் கல்யாணத்தில் தெரிந்தது. மாலையும் கழுத்துமாக மணமக்களும், சுற்றி இரண்டு வீட்டாரும் மூச்சடக்கி நிற்கிறார்கள். படத் தட்டை வைத்துச் செருகும் தேக்குச் சட்டம் பாதியில் சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஒருவாறு பிடுங்கி, உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் மாமா முறைத்த முறைப்பில் இன்னும் வேகமாகத் தேய்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் ரத்தினம் ஓரமெல்லாம் பித்தளைத் தகடு அடித்துக் கொடுத்தான். ஆனால் அன்றைக்கு, காலையிலிருந்து தலை நிமிராத மணப்பெண் முதல்முதலாக நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்: "அண்ணா, களுத்து நோவுதுங்க. நீங்க தேச்சு முடிக்கற வரைக்கும் உக்காந்துக்கட்டுங்களா?"

தழும்பு

பட்டாளத்தில் சேர்ந்த மகனை ஒரு தாய் ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தாள். மத்தியானம் அவனுக்கு ரயில். இன்னொரு முறை எடுக்க வழியில்லை. நல்லதம்பி தட்டைச் செருகும்போது நான் சுவரோரம் நின்று சாமி கும்பிட்டேன். மூன்றாம் நாள் படம் வாங்க வந்த அம்மாள் அதை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். தாடைக்குக் கீழே ஒரு சிறு தழும்பு. "பெத்த எனக்கே இது தெரியாதுங்களே, சாமி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

யுத்தம் முடிந்து அவன் முழுசாகத் திரும்பி வந்தான். அம்மாளே பட்டறைக்கு அழைத்து வந்து காட்டினாள். அந்தத் தழும்பு, யாருக்கும் சொல்லாமல் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியபோது பட்டதாம். ரயிலை விட்டு இறங்கியவனிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதானாம். அவன் என்னைத் தனியே ஒதுக்கிக்கொண்டு போய்ச் சொன்னான்: "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் மங்கலா எடுத்திருக்கக் கூடாதுங்களா?"

ஆக, மங்கினாலும் கேள்வி, தெளிந்தாலும் கேள்வி என்று பழகிப்போய், வேறு ஸ்டூடியோக்காரர்களும் கேட்டு வந்ததில் இப்போது ஏழாவது காமிராவுக்குச் சந்தோஷமாகத் தேக்கு இழைத்துக்கொண்டிருக்கிறேன்.