பாதியில் நிறுத்திய பசாம்

எங்கள் தமிழ்ச் சபைக்கு இத்தாலியின் பலேர்மோ நகரில் சொந்தக் கோயில் இல்லை. கால்சாப் பகுதியில் சிசிலியர்களின் கோயிலில் ஞாயிறு பின்னேரம் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. பெரிய வெள்ளியன்று இரண்டு சபைக்கும் ஆசந்தி ஒன்றுதான். மரித்த ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்தும் அந்தப் பாடைக்கு முன்னால் மூன்று மணிக்கு நாங்கள், ஐந்து மணிக்கு அவர்கள். அவர்கள் அதைத் தோளில் ஏற்றி, பாண்டு வாத்தியத்துக்கு அசைந்து அசைந்து தெருவுக்குக் கொண்டுபோவார்கள். வாசலைத் தாண்டும்போது சனம் கைதட்டும். செத்த வீட்டில் கைதட்டுகிறார்களே என்று எங்கள் ஆட்கள் முதலில் முகம் சுளித்ததுண்டு. நாங்கள் முழந்தாளில் போய்ப் பாதத்தை முத்தி செய்வோம். பிறகு பசாம் பாடுவோம், மாதா மகனுக்காக அழும் புலம்பல்.

அதை முன்னின்று பாட ஒருவர்தான் இருந்தார். மன்னார்ப் பக்கத்துப் பெண். ஒரேத்தோத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மாவை, பராமரிக்கும் வேலை. அவருடைய மகன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவன். உடல் கிடைக்கவில்லை. அந்த ஆசந்திதான் அவருக்கு மகனின் பாடையும். அது எனக்குத் தெரியும்.

நான் ஊரில் வாத்தியாராக இருந்தவன். இத்தாலியன் நன்றாக வருமென்பதால் மைக்கும் மொழிபெயர்ப்பும் என் கையில். ஆறு வருடத்துக்கு முந்திய பெரிய வெள்ளியில் அவருடைய பாட்டு நீண்டுகொண்டே போனது. ஐந்து மணிக்கு முன்பே வாத்தியக்காரரும் ஆசந்தி தூக்குபவர்களும் வாசலில் கூடி எட்டிப் பார்த்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சிசிலியர் வந்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அடுத்த வருடம் கோயிலைத் தரமாட்டார்களோ என்று பயந்தேன். யாரும் சொல்லுமுன்பே ஒதுங்கி நின்று பழகியவனின் பயம். "மகனே, ஒருக்கால் முகத்தைக் காட்டு" என்ற அடியில் அந்த மன்னார்ப் பெண் மூச்சு வாங்கியபோது, மைக்கில் வேறு பாட்டைத் தொடங்கினேன். சபை என்னோடு சேர்ந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து, "ஏன் மாஸ்டர் நிப்பாட்டினனீங்கள்?" என்றார்.

"பங்குச் சுவாமி சொன்னவர்."

பொய். சுவாமிக்கு ஒன்றுமே தெரியாது. அடுத்த வருடம் அவர் பாடாததைக் கண்டு சுவாமி விசாரித்தபோது, தொண்டை சரியில்லையாம் என்று அவருக்கும் ஒரு பொய் சொன்னேன்.

இந்தத் தவக்காலத்தில், புதிதாக வந்த பங்குச் சுவாமி ஆயத்தக் கூட்டம் வைத்தார். ஆசந்தி தூக்குபவர்களின் தலைவர், வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்ற கிழவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் பாட்டுக்கார சிஞ்ஞோரா ஏன் இப்போது பாடுவதில்லை? என் அம்மா செத்தபோது எங்கள் கிழவிகள் அப்படித்தான் அழுதார்கள். அதைக் கேட்கத்தான் நாங்கள் நேரத்தோடு வந்து நின்றோம். உள்ளே வர நேரமிருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்டுவரச் சொன்னதும் நான்தான்."

"குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் நானே அவரிடம் கேட்கிறேன்," என்றார் புதிய சுவாமி.

அன்று வியாழன். கேட்டால் பொய் வெளிவரும். இரண்டு நாளும் பிரஷர் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். "என்னப்பா, விசாப் பெர்மெசோவிலை ஏதும் பிரச்சினையோ?" என்று மனைவி கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. சனி காலை அந்த மன்னார்ப் பெண் வேலைசெய்யும் ஒரேத்தோ வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர், "வாங்கோ மாஸ்டர். ஆர் செத்தது? நீங்கள் அதுக்குத்தானே வீடு தேடி வாறனீங்கள்," என்றார்.

"ஒருத்தரும் சாகேல்லை." வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அண்டைக்குச் சுவாமி சொல்லேல்லையோ?"

"இல்லை. நான்தான்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "அந்த மனுசன்ரை கையாலை நான் பிறகு நற்கருணை வாங்கேல்லை, மாஸ்டர். மற்ற வரிசையிலை போய் நிண்டனான். போன மாரியிலை செத்துப்போனார். செத்த வீட்டுக்கும் போகேல்லை."

யார் வந்திருப்பது என்று உள்ளேயிருந்து சிஞ்ஞோரா கேட்டார். "ஒருவருமில்லை," என்று இவர் இத்தாலியனில் பதில் சொன்னார்.

பிறகு என்னிடம், "என்னட்டை மன்னிப்புக் கேக்காதேங்கோ. சபைக்கு முன்னாலை, செத்த சுவாமியின்ரை பேரைச் சொல்லி, அவர் நிப்பாட்டேல்லை எண்டு சொல்லுங்கோ. இத்தாலியனிலையும்," என்றார்.

"அப்ப பாடுவீங்களோ?"

"அதைக் கேக்கிற ஆள் நீங்களில்லை."

ஞாயிறு சொன்னேன், இரண்டு மொழியிலும். சனம் நிலத்தைப் பார்த்தது. சுவாமி என் கையிலிருந்த மைக்கை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்.

பெரிய வெள்ளி மூன்று மணிக்கு அந்த மன்னார்ப் பெண் வரவில்லை. நான்கு மணிக்கும் இல்லை. மீன்காரக் கிழவரும் ஆட்களும் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்க, வேலை உடுப்போடு அவர் வந்து ஆசந்தியருகே முழந்தாளிட்டார். முதலடியிலிருந்து தொடங்கவில்லை. நான் வெட்டிய அடியிலிருந்து தொடங்கினார். குரல் தேய்ந்திருந்தது. கிழவர் சத்தமில்லாமல் அழுதார்.

ஐந்து மணி தாண்டியது. யாரும் நேரம் கேட்கவில்லை. கடைசி வரிசை வாங்கில் இருந்த நான் ஒருவன்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.